விதைக்கும் முன் கேட்போம்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



யூபிலி என்ற சொல்லைக் கேட்டதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் அன்பு விருந்தும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அதில் தவறில்லை, மகிழ வேண்டிய நாளில் மகிழத்தான் வேண்டும். ஆனால் பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமத்தைத் திறந்து பார்த்தால், யூபிலி என்பது முதன்முதலில் நிலத்தைப் பற்றிய சட்டமாக இருப்பதைக் காண்கிறோம். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். நிலம் உழப்படாமல் ஓய்ந்திருக்கும். வறுமையால் விற்கப்பட்ட காணி, விற்றவனின் குடும்பத்துக்கே திரும்பும். கடனுக்கு அடிமையானவன் விடுதலை பெற்று வீடு திரும்புவான். யூபிலி முதலில் உழவனின் சட்டம். அதன் பிறகே அது திருவிழா ஆயிற்று.

ஆகவே, இந்த மாலையில் உழவைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. "சாமி, புத்தூரில் வயல் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நம்மில் பலர் ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறவர்கள். ஆனால் நம் பாட்டனார்கள் இலால்குடி, குளித்தலை, மணப்பாறைப் பக்கங்களில் ஏர் பிடித்தவர்கள். அதுமட்டுமல்ல, பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நம் புத்தூர் வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்றும் வயலை நோக்கியே ஓடுகிறது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட அந்த வாய்க்கால், நாம் உழவை மறந்தாலும், உழவு நம்மை மறக்கவில்லை என்பதை நாள்தோறும் நினைவூட்டுகிறது.

இந்த யூபிலியின் நினைவாக என்ன செய்யலாம் என்று நம் பங்குப் பேரவையில் சில வாரங்களாகப் பேச்சு நடந்துவருவதை அறிவீர்கள். ஆலய வாயிலில் வளைவு கட்டலாம் என்றனர் சிலர். கிராமத்தில் துன்புறும் கூலி உழவர் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம் என்றனர் வேறு சிலர். நிதியும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. இரண்டாவது யோசனை நல்ல உள்ளத்திலிருந்து வந்தது. ஆயினும் அதைக் கேட்டவுடன் எங்களுக்குப் பழைய நினைவு ஒன்று வந்து உறுத்தியது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, வானம் பார்த்த பூமியான ஒரு பங்கில் நாங்கள் பணியாற்றி வந்தோம். வெளிநாட்டுத் தரும அமைப்பு ஒன்று உதவ முன்வந்தது. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவர்கள் நாங்கள். ஒரு பசு நாளொன்றுக்கு எத்தனை குடம் தண்ணீர் குடிக்கும் என்று யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆனாலும் நாங்களும் படித்த அன்பர்கள் இருவரும் பங்கு இல்லத்து மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே மாலையில் திட்டத்தை எழுதி முடித்தோம். பதினைந்து கைம்பெண்களுக்குப் பதினைந்து கலப்பினக் கறவைப் பசுக்கள். பசுக்கள் வந்தன. மாலை சூட்டி, தீர்த்தம் தெளித்து, புகைப்படம் எடுத்து அனுப்பினோம். பிறகு கோடை வந்தது. பசும்புல் இல்லை. குடிதண்ணீருக்கே இரண்டு கல் நடக்கும் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் ஏது? பால் எடுக்கும் சங்கமோ எட்டு மைலுக்கு அப்பால். ஓராண்டுக்குள் பெரும்பாலான பசுக்கள் வந்த விலைக்குச் சந்தையில் விற்கப்பட்டன. இரண்டு செத்தன.

மாட்டைக் காப்பாற்றாமல் விற்றுவிட்டாயே என்று ஒரு பாட்டியிடம் சற்றுக் கடிந்தே கேட்டோம். அவர் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சாமி. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெண்டு வெள்ளாடு போதும்னு சொல்லியிருப்போமே."

கேட்டிருந்தால்! நாங்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று முதல், உழவர் நலப் பணியில் ஆயுளையே கழித்த பெரியவர்கள் என்ன கற்றார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் எங்களைப் பற்றிக்கொண்டது. அப்படிப் படித்தவற்றில் நம் நிதிக்குப் பயன்படும் நான்கு பாடங்களை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதற் பாடம்: ஏழையின் வயலில் விளைந்தால்தான் விதை

நம் காவிரி கீழே ஓடிக் கும்பகோணத்தை அடைகிறது. அவ்வூரில் 1925 ஆகஸ்ட் 7ஆம் நாள் பிறந்தவர் எம். எஸ். சுவாமிநாதன். அங்குள்ள கத்தோலிக்கச் சிறுமலர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்பது நமக்கும் பெருமை. அவர் தந்தை மருத்துவர். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒழிக்க ஊர் மக்களையே திரட்டியவர். மகனும் மருத்துவராவார் என்றே வீட்டார் எதிர்பார்த்தனர். ஆனால் 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. இருபது முப்பது லட்சம் பேர் மடிந்தனர். அந்தச் செய்தி இளைஞரின் உள்ளத்தைப் புரட்டியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்றும் அதை விட்டுவிட்டு, ஆலந்து நாட்டிலும் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவிலும் பயிர் மரபியல் பயின்று 1954இல் தாய்நாடு திரும்பினார்.

அந்நாளில் நம் நாட்டு நெல்லும் கோதுமையும் உயரமாக வளர்பவை. உரம் அதிகம் இட்டால் கதிர் கனக்கும், தண்டு தாங்காது, பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரைப் பார்த்த வேதனை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். தீர்வு என்ன? குட்டையான, உறுதியான தண்டு வேண்டும். இங்கே ஒரு துறவியை நன்றியோடு நினைக்கிறோம். கிரகோர் மெண்டல் என்ற அகுஸ்தீன் சபைக் குரு, தம் மடத்துத் தோட்டத்தில் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்து பார்த்தார். முதல் தலைமுறையில் எல்லாம் நெட்டை. அடுத்ததில் நாலில் ஒன்று குட்டை. 1865இல் இதை அவர் சபை ஒன்றில் வாசித்தபோது பெரிதாக மதித்தவர் இல்லை. நூறு ஆண்டு கழித்து, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், தைவான் நாட்டுக் குட்டை நெல்லையும் இந்தோனேசிய நெட்டை நெல்லையும் கலந்தபோது, அதே கணக்குப்படி நாலில் ஒன்று குட்டையாக நின்றது. அதிலிருந்து பிறந்ததே 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8. அதே காலத்தில் மெக்சிகோவிலிருந்து நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையும் இந்தியாவுக்கு வந்தது.

நாம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். புதிய கோதுமையை நாட்டு மக்களுக்குச் செய்து காட்ட வேண்டும். எங்கே காட்டுவது? பம்புசெட்டும் பணமும் உள்ள பெரும் பண்ணையார் வயலில் காட்டினால் விளைச்சல் நிச்சயம். ஆனால் சுவாமிநாதன் சிறு உழவர்களின் வயல்களிலேயே செய்து காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏனென்றால், பணக்காரன் வயலில் விளைந்தால், அது அவன் பணத்தின் விளைவு என்றுதான் ஊர் சொல்லும். ஏழையின் வயலில் விளைந்தால், அது விதையின் விளைவு என்று எல்லாரும் நம்புவர். 1966இல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கிய நாடு, 1968இல் கோதுமை அறுவடையை வைக்க இடமின்றிப் பள்ளிக்கூடங்களைக் களஞ்சியமாக்கியது. அந்த வெற்றிக்குச் சிறு உழவனின் வயலில் நடந்த அந்தச் சோதனையும் ஒரு காரணம்.

இரண்டாம் பாடம்: வயலைப் பார்க்கும் கண்

வெற்றிக் களிப்பில் ஆபத்தும் மறைந்திருந்தது. அதை முதலில் சொன்னவர்களில் ஒருவரும் அவரே. 1968 சனவரியில் வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், உரத்தையும் மருந்தையும் நிலத்தடி நீரையும் கண்மூடிச் செலவிட்டால் நிலம் பாழாகும் என்று எச்சரித்தார். நாடே மாலை சூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

அவர் அஞ்சியது ஆசியாவெங்கும் நடந்தது. ஒரே நெல்லை எல்லா வயலிலும் பயிரிட்டார்கள். புகையான் பூச்சி பெருகியது. மருந்தை அடித்தார்கள், புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து செத்தன, தடுப்பாரின்றிப் புகையான் முன்னிலும் பெருகியது. கடைசியில் இந்தோனேசிய அரசு 1986இல் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அதோடு நில்லாமல், 1989 முதல் 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்ற முறையைத் தொடங்கியது. அந்தப் பள்ளிக்குக் கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை. இருபது இருபத்தைந்து உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் இறங்குவார்கள். எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணுவார்கள். மருந்து தேவையா, இல்லையா என்று தாங்களே கூடிப் பேசி முடிவு செய்வார்கள். மருந்தைக் கொடுப்பதைவிடக் கண்ணைத் திறந்துவிடுவதே மேல் என்பதை வல்லுநர்கள் இருபதாண்டு நட்டத்துக்குப் பிறகு கற்றார்கள்.

இதே பாடத்தைக் குரு ஒருவர் வேறொரு மூலையில் அமைதியாகக் கற்றுக்கொண்டிருந்தார். ஹென்றி தெ லொலானியே என்பது அவர் பெயர், பிரான்சு நாட்டவர். வேளாண்மைப் படிப்பை முடித்தபின் சேசு சபையில் சேர்ந்தார். 1961இல் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான மடகாஸ்கருக்குச் சென்று, 1995இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அத்தீவு மக்களும் நம்மைப் போலச் சோறு உண்பவர்களே. பட்டம் பெற்றவர் என்பதற்காக அவர் போன உடனே போதிக்கத் தொடங்கவில்லை. உழவர்கள் செய்வதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்தார். சிலர் கொத்துக் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நட்டார்கள். சிலர் வயலில் எந்நேரமும் தண்ணீரைக் கட்டி வைக்காமல் அவ்வப்போது காயவிட்டார்கள். அவர்கள் வயல் கெடவில்லை என்பதைக் குறித்துக்கொண்டார். 1983இல் மழை குறைந்த பருவத்தில், வழக்கமாக ஒரு மாத அளவு வளர்ந்த பிறகே பறிக்கும் நாற்றை, பதினைந்தாம் நாளிலேயே பறித்து நட நேர்ந்தது. பயிர் வீணாகும் என்றே நினைத்தார்கள். ஆனால் அந்த இளநாற்று யாரும் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டி நின்றது.

இளநாற்று, ஒற்றை நடவு, அகன்ற இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர், உருளும் களைக்கருவி: இவை சேர்ந்ததே அவர் கண்ட முறை. ஏக்கருக்கு இருபது முப்பது கிலோ விதை தேவைப்பட்ட இடத்தில் மூன்று கிலோ போதும். 1990இல் அத்தீவு நண்பர்களோடு சேர்ந்து 'தெபி சைனா' என்ற சங்கத்தை நிறுவினார். அப்பெயரின் பொருள் மனத்தைச் சீராக்குதல் என்பதாகும். நெல்லுக்காக ஒரு சங்கம் தொடங்கியவர், அதற்கு மனத்தின் பெயரை வைத்தது தற்செயல் அல்ல.

அவர் இறந்த பின்னரே உலகம் அதைக் கேட்டது. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதனையைத் தொடங்க, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் அது நம் காவிரிப் படுகைக்கும் வந்தது. தமிழக அரசு அதற்கு 'இராஜராஜன் 1000' என்றும் பெயர் சூட்டியது. இது எல்லா மண்ணுக்கும் ஒரே பலன் தரும் மந்திரம் அல்ல. விஞ்ஞானிகள் இதைக் குறித்துக் கடுமையாக வாதிட்டதும் உண்டு. தண்ணீரை நினைத்தபடி வைக்கவும் வடிக்கவும் முடியாத பள்ளத்து வயலில் இது சரிப்படாது. ஆனால் வியப்பு ஒன்று உண்டு. ஒற்றை நாற்று நடவை 1910களிலேயே சென்னை மாகாண வேளாண் துறை நம் உழவர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. நம்மிடம் இருந்ததை நாம் மறந்தோம். கடல் கடந்த ஒரு தீவில் ஒரு குரு உழவர்களைக் கவனித்து அதை மீண்டும் கண்டார்.

மூன்றாம் பாடம்: அடுப்படியையும் கேட்க வேண்டும்

ஐ.ஆர். 8 வந்தபோது களம் நிறைந்தது. ஆனால் சோறு தடித்திருந்தது, ஆறினால் விறைத்தது. நம் தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். மெக்சிகோ கோதுமை சிவந்திருந்தது. வடநாட்டார் அந்த நிறத்துச் சப்பாத்தியை விரும்பவில்லை. ஆய்வுக்கூடம் நிறத்தை மாற்ற மீண்டும் உழைக்க வேண்டியதாயிற்று. எடை பார்த்தவர்கள் சுவை பார்க்கவில்லை. பயிரை வளர்ப்பவனைக் கேட்டவர்களும் சமைப்பவளைக் கேட்கவில்லை.

சுவாமிநாதன் 1982இல் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநரானார். அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே. மறு ஆண்டே நெல் உழவில் பெண்களின் பங்கைப் பற்றி அங்கே மாநாடு கூட்டினார். 1987இல் முதன்முதலாக வழங்கப்பட்ட உலக உணவுப் பரிசைப் பெற்று, அத்தொகையைக் கொண்டு 1988இல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார். அந்நிறுவனம் நமக்கு அண்மையிலுள்ள கொல்லிமலையில் செய்த வேலையைக் கேளுங்கள்.

கொல்லிமலை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டவர்கள். நாளடைவில் அவை குறைந்து, மரவள்ளிக் கிழங்கு மலையை நிறைத்தது. ஏன்? கிழங்குக்குச் சந்தை இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெண்களைக் கேட்டபோது தெளிவாயிற்று: சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது கை நோகும் வேலை. நாள் முழுதும் காட்டில் உழைத்தவள் மாலையில் உலக்கையைத் தூக்க வேண்டும். ஆகவே ஊருக்குள்ளேயே சிறிய அரைவை எந்திரங்கள் அமைக்கப்பட்டன. பெண்கள் குழுக்களே அவற்றை நடத்தின. ஒரு தானியம் அழிந்துபோவதும் பிழைப்பதும் ஒரு பெண்ணின் தோள்வலியைப் பொறுத்திருக்கக்கூடும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது? பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண்களையும் உழவர் என்று சட்டம் ஏற்க வேண்டும் என்று அவர் தனி மசோதா கொண்டுவந்தார்.

நான்காம் பாடம்: விளைந்தது யாருக்கு?

இதுவே கடினமான பாடம். நம் காவிரிக் கரையிலேயே கண்ணீரோடு கற்பிக்கப்பட்டது.

1960இல் நாட்டில் தீவிர வேளாண்மைக்காக முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது, உரம் வந்தது, கடன் வந்தது. மூட்டைகள் பெருகின. ஆனால் நாற்று நட்டவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் அந்தப் பெருக்கத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை. கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நம் ஆலயங்களில் எல்லாம் குடில் விளக்கு எரிந்துகொண்டிருந்த அதே இரவில், கீழ்வெண்மணியில் தலித் கூலி உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அன்பர்களே, அவர்கள் பஞ்சத்தில் சாகவில்லை. நெல் மிகுந்த ஆண்டுகளில் இறந்தார்கள். வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981இல் எழுதியதும் இதையொட்டியதே: தானியம் இருந்தும், அதை வாங்கும் வலிமை கூலியாளுக்கு இல்லாததால் மக்கள் மடிந்தார்கள் என்றார். திருத்தந்தை ஆறாம் பவுல், கீழ்வெண்மணிக்கு ஓராண்டுக்கு முன்பு, 1967இல் மக்கள் முன்னேற்றம் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், பொருள் பெருகுவது மட்டும் முன்னேற்றம் ஆகாது. ஒவ்வொரு மனிதனும் முழு மனிதனாக உயர வேண்டும் என்று கற்பித்தார். அவ்வாண்டுகளில் அதை நம் வயல்களோடு சேர்த்துப் படித்தோமா?

கீழ்வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தஞ்சைப் பகுதிக்கு வந்தார்கள். 1981இல் 'லாஃப்டி' என்ற அமைப்பை நிறுவினார்கள். நிலம் உடையவர்களோடு பேசி, கடன் பெற்று விலை கொடுத்து, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் வீதம், பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். லேவியர் ஆகமம் கூறும் யூபிலிக்கு நம் நாட்டில் இதைவிட நெருக்கமான வேலை எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுவாமிநாதனும் தம் முதுமையில் இந்தக் கேள்விக்கே வந்து சேர்ந்தார். 2004 முதல் 2006 வரை தேசிய உழவர் ஆணையத்துக்குத் தலைமை வகித்து, விளைச்சலை மட்டும் எண்ணாமல் உழவனின் வருமானத்தை எண்ணுங்கள் என்றார். உற்பத்திச் செலவோடு அதில் பாதியையும் சேர்த்து ஆதார விலை தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2023 செப்டம்பர் 28ஆம் நாள் தம் 98ஆம் வயதில் அவர் மறைந்தார். விதையில் தொடங்கிய வாழ்வு, விதைத்தவனின் வீட்டு வரவு செலவில் வந்து நின்றது.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் நிதிக்கு வருவோம். எங்கள் வேண்டுகோள் மூன்றே.

முதலாவது, மாடு வாங்குவதைச் சற்று நிறுத்தி வைப்போம். பணம் வங்கியில் இருக்கட்டும், கெட்டுவிடாது. பங்குப் பேரவையிலிருந்து மூன்று சிறு குழுக்கள், குழுவுக்கு இரு பெண்களாவது இருக்குமாறு, நாம் உதவ நினைக்கும் கிராமங்களுக்குச் செல்லட்டும். கையில் படிவம் வேண்டாம், வாக்குறுதியும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும். பெண்களைத் தனியே கேட்கட்டும். நிலமுள்ளவர் வீட்டோடு நின்றுவிடாமல், நிலமில்லாதவர் தெருவுக்கும் போகட்டும். அவர்கள் ஆடு என்றால் ஆடு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்றால் அது. பட்டா வாங்க வழக்கறிஞர் உதவி என்றால் அதுவும் உழவர் நலமே. அவர்கள் மண்ணில் ஏற்கெனவே என்ன நன்றாக விளைகிறது என்றும் கேட்கட்டும். களர் நிலம் என்றால், நமக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியில் களர் தாங்கும் திருச்சி நெல் வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். வாழை என்றால், 1993 முதல் நம் மாவட்டத்திலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வழி தெரியாத அந்த உழவரோடு அந்த வாசல் வரை நடந்து செல்வதும் நம்மால் ஆகும் உதவியே.

இரண்டாவது, கொடுத்துவிட்டுப் புகைப்படத்தோடு திரும்பிவிடாமல், ஒரு கோடையாவது கடந்தபின் மீண்டும் போய்ப் பார்ப்போம். தவறியிருந்தால் தவறியது என்று அடுத்த ஆண்டறிக்கையில் எழுதுவோம். எங்கள் பதினைந்து பசுக்களைப் பற்றி அன்று நாங்கள் அனுப்பிய அறிக்கையில் பசுக்கள் வழங்கப்பட்டன என்று மட்டுமே இருந்தது. அதை எழுதிய கை எங்களுடையது. அந்த அறிக்கையைப் படித்து இன்னொரு பங்கிலும் யாராவது பசு வாங்கியிருப்பார்களோ என்ற எண்ணம் இன்றும் எங்களை வருத்துகிறது.

மூன்றாவது, கிராமத்துக்குப் போகும் முன் நம் வாசலைப் பார்ப்போம். உய்யக்கொண்டானில் நாம் எறியும் குப்பையும் விடும் கழிவுநீரும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அவை கீழே ஒருவருடைய வயலுக்குப் போகின்றன. நட்ட பெண்ணின் காலில் அரிப்பாகிறது. உழவரின் சோற்றில் சேர்கிறது. ஏழை உழவனுக்கு மாடு கொடுக்கும் முன், அவன் தண்ணீரைக் கெடுக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய முதல் தருமம். வாய்க்கால் கரையில் வீடுள்ள குடும்பங்கள் இதை இவ்வாரமே தொடங்கலாம். இதற்கு நிதி தேவையில்லை.

வளைவு கட்ட விரும்பிய அன்பர்கள் வருந்த வேண்டாம். வளைவு அடுத்த ஆண்டும் கட்டலாம். ஆனால் இந்த யூபிலி ஆண்டு ஒருமுறைதான் வரும். விதைப்பவன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒரே விதை, நான்கு வகை நிலம். நிலத்தை அறியாமல் தூவியதில் எவ்வளவோ வழியோரத்திலும் பாறையிலும் விழுந்து வீணாயிற்று. அந்தப் பாட்டி இன்று உயிரோடு இல்லை. ஆனால் அவரைப் போன்ற ஒருவர் நாம் போகப்போகும் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாம் கேட்டால் சொல்வார்.

வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின், குழுக்களில் செல்ல விரும்புவோர் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.